கணினி எந்தக் காதால் கேட்கிறது?

மாணவரின் குரலைக் கணினியில் பதிவு செய்வது நம் பள்ளிகளில் இப்போது வழக்கமான வேலையாகி வருகிறது. வாசிப்புத் திறனை அறியப் பதிவு செய்கிறோம். இலக்கிய மன்றத்துக்காக ஒலி நாடகம் தயாரிக்கிறோம். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டுச் சேமிக்கிறோம். 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் தொடர் வாசிப்பு நடந்தபோது, கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலி பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு, எந்தச் சொல்லில் தடுமாறினார்கள் என்று காட்டியதைப் பலரும் பார்த்திருப்போம். நம் பிள்ளைகளின் குரலை மனிதரோடு சேர்ந்து இயந்திரமும் கேட்கும் காலம் இது.

பதிவுக்கு முன் பிள்ளை தயாராக இருக்கிறதா என்று பார்க்கிறோம். தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம், நிமிர்ந்து உட்காரச் சொல்கிறோம். கணினி தயாராக இருக்கிறதா என்று கேட்பதில்லை. பதிவில் குரல் மெலிந்து வந்தால் “இன்னும் சத்தமாகப் பேசு” என்கிறோம். இரண்டு முறை அப்படிச் சொன்னாலே கூச்சமுள்ள பிள்ளை மூன்றாவது முறை வாய் திறக்காது. அதன் பதிவேட்டில் ‘மெல்லிய குரல், வாசிப்பில் தயக்கம்’ என்று ஒரு குறிப்பும் ஏறிவிடும். பிள்ளை சரியாகப் படித்து, கணினி தவறான ஒலிவாங்கியில் கேட்டிருந்தால்கூட இதுதான் நடக்கும்.

எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அன்று பத்து வயதில் அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். பேரப்பிள்ளை மடிக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்க, அப்பத்தா ஒரு முறைதான் மனம் திறந்து சொல்வார். ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு பதிவில் வெறும் இரைச்சல் இருந்தால், மறுநாள் போய் அதே கண்ணீரோடு மறுபடி சொல்லச் சொல்ல முடியாது.

இந்த இரண்டு இழப்புகளையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு, பதிவைத் தொடங்கும் முன் கணினியிடம் “நீ எந்தச் சாதனத்தில் கேட்கப் போகிறாய்? அதன் பண்புகள் என்ன?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். சில வரி நிரலில் அதைக் கேட்டுவிடலாம்.

ஒலி உள்ளே வரும் வழி

நாம் பேசும்போது காற்றில் எழும் அதிர்வு, ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வை அசைக்கிறது. அந்த அசைவு சிறு மின்குறிப்பாகிறது. கணினிக்குள்ளோ, யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளோ இருக்கும் ஒரு சில்லு, அந்த மின்குறிப்பை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை டிரைவர் என்னும் மென்பொருள் வாங்கி இயங்குதளத்திடம் தருகிறது. விண்டோஸ் அல்லது லினக்ஸ் அதை நாம் திறந்து வைத்திருக்கும் பதிவு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது.

இந்த வரிசையில் பதிவு மென்பொருள் கடைசியில் நிற்கிறது. அது ஒலிவாங்கியைப் பார்ப்பதே இல்லை. இயங்குதளம் தரும் விவரக்குறிப்பை மட்டுமே பார்க்கிறது. எங்கள் பகுதியில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் மீன்வளத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்குவார்கள். டோக்கன் என்பார்கள். அலுவலகத்தில் இருப்பவர் பார்ப்பது அந்தச் சீட்டின் விவரத்தை. படகு கரையில் நிற்கிறது. நம் நிரலின் நிலையும் அதுதான். சாதனத்தின் பண்புகள் என்பவை அந்தச் சீட்டில் உள்ள விவரங்கள்.

ஒரே கணினியில் எத்தனை காதுகள்?

ஒரு மடிக்கணினியில் ஒலிவாங்கி ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறோம். எண்ணிப் பார்த்தால் கணக்கு கூடும். திரையின் மேல் விளிம்பில் உள்ளே பொருத்திய ஒலிவாங்கி ஒன்று. யூஎஸ்பி ஹெட்செட் செருகினால் அதில் ஒன்று. வெளியே பொருத்தும் வெப்கேமிராவில் ஒன்று. புளூடூத் காதணி இணைத்தால் அதில் ஒன்று. இவை போக, கணினி தானே எழுப்பும் ஒலியைப் பதிவு செய்வதற்கென்று ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்னும் பொய்க்காது ஒன்றும் சில கணினிகளில் இருக்கும்.

நாம் எதையும் குறிப்பிடாவிட்டால், இயங்குதளம் ‘இயல்பான சாதனம்’ என்று குறித்து வைத்திருப்பதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். புதிய சாதனத்தைச் செருகும்போதும் கழற்றும்போதும் அந்தக் குறி இடம் மாறக்கூடும். பிள்ளை ஹெட்செட் மாட்டியிருக்க, கணினி வேறொரு காதால் கேட்டுக்கொண்டிருப்பது இப்படித்தான் நேர்கிறது.

சீட்டில் என்ன எழுதியிருக்கும்?

ஒவ்வோர் ஒலி உள்ளீட்டுச் சாதனத்துக்கும் நிரல் வழியாக நாம் படிக்கக்கூடிய முக்கியமான பண்புகள் ஐந்து.

முதலாவது, பெயர். ‘மைக்ரோஃபோன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தயாரிப்பின் பெயர் இருக்கும். எது வெப்கேமிரா, எது ஹெட்செட் என்பதை இதிலிருந்து பெரும்பாலும் அறியலாம்.

இரண்டாவது, உள்ளீட்டுத் தடங்களின் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் சேனல். சுழி என்றால் அந்தச் சாதனம் பேசும், கேட்காது. அதாவது அது ஒலிபெருக்கி. ஒன்று என்றால் ஒற்றைத் தடம். இரண்டு என்றால் இடம், வலம் எனத் தனித்தனியே கேட்கும். ஒருவர் குரலைப் பதிவு செய்ய ஒரு தடம் தாராளம்.

மூன்றாவது, இயல்பான மாதிரி வீதம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்னும் எண். பழைய தொலைபேசித் தரம் 8000. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது 16000. இசைத்தட்டுக்கு 44100. காணொலிப் பணிகளில் வழங்குவது 48000.

நான்காவது, தாமதம். ஒலி உள்ளே வந்து நிரலின் கைக்கு எட்டுவதற்கு ஆகும் நேரம், நொடியின் பின்னமாகத் தரப்படும். வெறும் பதிவுக்கு இது பெரிய பொருட்டல்ல. பேசும்போதே தன் குரலைக் காதில் கேட்க வேண்டிய மொழிப் பயிற்சிக்கு இது முக்கியம்.

ஐந்தாவது, சாதனம் எந்த வழியாகக் கிடைக்கிறது என்பது. விண்டோஸில் ஒலிக்கென்று எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசாபி எனப் பல வழிகள் உண்டு. லினக்ஸில் அல்சா முதலியவை. ஒரே ஒலிவாங்கி ஒவ்வொரு வழியிலும் தனித்தனி வரியாகப் பட்டியலில் வரும். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஆள் மூன்று சட்டையில் நிற்கிறார், அவ்வளவுதான்.

நிரலில் படிப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் நம் பிள்ளைகள் பைத்தான் படிக்கிறார்கள். அதில் வரும் லிஸ்ட், டிக்‌ஷனரி இரண்டும் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும். மதிப்பெண் பட்டியலும் பழங்களின் விலையும் தவிர டிக்‌ஷனரிக்கு வேறு எடுத்துக்காட்டு கிடைக்காதா என்று தேடும் கணினி ஆசிரியர்களுக்கு இது கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு.

பைத்தானுக்கு ‘சவுண்ட்டிவைஸ்’ என்றொரு இலவசத் தொகுப்பு இருக்கிறது. ‘பிப்’ கட்டளை மூலம் அதை நிறுவிக்கொள்ளலாம். பதிவும் செய்ய வேண்டுமென்றால் ‘நம்பை’ தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும். இதன் அடியில் வேலை செய்வது போர்ட்ஆடியோ என்னும் திறந்தமூல நூலகம். நாம் ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருளும் அதே போர்ட்ஆடியோவின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இங்கே கற்பது அங்கேயும் பயன்படும்.

நிரல் எழுதாமலே பட்டியலைப் பார்க்க ஒரு வழி உண்டு. கட்டளைச் சாளரத்தைத் திறந்து பைத்தான், இடைவெளி, கழித்தல் குறியோடு எம், இடைவெளி, சவுண்ட்டிவைஸ் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால், எல்லாச் சாதனங்களும் வரிசை எண்ணோடு திரையில் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எத்தனை தடம் உள்ளே, எத்தனை தடம் வெளியே என்று இருக்கும். இயல்பான உள்ளீட்டுச் சாதனத்தின் வரிக்கு முன்னால் வலப்பக்கம் பார்த்த அம்புக்குறி நிற்கும். அந்த அம்புக்குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பதே பாதி வேலை.

நிரலாக எழுதினால் இப்படிப் போகும். முதல் வரியில் சவுண்ட்டிவைஸ் தொகுப்பை இறக்குமதி செய்கிறோம். அடுத்த வரியில் அதன் ‘குவெரி டிவைசஸ்’ என்னும் செயற்கூறை அழைக்கிறோம். குவெரி, டிவைசஸ் இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு வரும். அது திருப்பித் தருவது சாதனங்களின் வரிசை. அதை லிஸ்ட் போலவே ஃபார் மடக்கில் சுற்றலாம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு டிக்‌ஷனரி. ‘நேம்’ என்ற திறவுச்சொல்லைக் கொடுத்தால் பெயர் வரும். ‘மேக்ஸ் இன்புட் சேனல்ஸ்’ கொடுத்தால் உள்ளீட்டுத் தடங்களின் எண்ணிக்கை வரும். ‘டிஃபால்ட் சாம்பிள்ரேட்’ கொடுத்தால் மாதிரி வீதம் வரும். திறவுச்சொற்கள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டியவை. சாம்பிள்ரேட் மட்டும் ஒரே சொல்.

மடக்குக்குள் ஓர் இஃப் நிபந்தனை வைத்து, உள்ளீட்டுத் தடம் சுழிக்கு மேல் உள்ளவற்றை மட்டும் அச்சிட்டால் ஒலிபெருக்கிகள் கழிந்து கேட்கும் சாதனங்கள் மட்டும் மிஞ்சும். மொத்தம் ஐந்தாறு வரி நிரல். செய்முறை வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு செயற்கூறையும் சொல்ல வேண்டும். ‘செக் இன்புட் செட்டிங்ஸ்’ என்று பெயர். “இந்தச் சாதனத்தில், இத்தனை தடத்தில், இந்த மாதிரி வீதத்தில் பதிவு செய்ய முடியுமா?” என்று பதிவைத் தொடங்காமலே கேட்பதற்கு இது உதவும். முடியுமென்றால் ஒன்றும் சொல்லாது. முடியாதென்றால் பிழைச் செய்தி தரும். கேட்ட எண்ணிக்கையில் தடங்கள் இல்லையென்றால் போர்ட்ஆடியோவின் பிழை எண் –9998. மாதிரி வீதம் பொருந்தவில்லையென்றால் –9997. பதிவு மென்பொருளில் இந்த எண்களைக் கண்டால் கணினி கெட்டுவிட்டது என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஒற்றைத் தட ஹெட்செட்டிடம் இரட்டைத் தடம் கேட்டிருக்கிறோம் என்றோ, வேறு வீதம் கேட்டிருக்கிறோம் என்றோ புரிந்துகொள்ளலாம்.

நிரல் வேண்டாம் என்பவர்கள் ஆடாசிட்டியில் உதவிப் பட்டிக்குள் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ பகுதியில் ‘ஆடியோ டிவைஸ் இன்ஃபோ’ என்பதைத் திறந்தால் ஏறத்தாழ இதே விவரங்களைப் படிக்கலாம்.

எங்கள் ஆய்வகத்தில் கண்டது

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்தாள். ஹெட்செட் மாட்டியிருந்தாள். திரும்பக் கேட்டபோது குரல் எங்கோ தூரத்தில் இருந்தது. “என் சத்தமே இல்ல டீச்சர். ஃபேன் சத்தந்தான் கேக்குது” என்றாள். பக்கத்தில் இருந்த தோழி, “நீ எப்பவுமே மெதுவாத்தான் பேசுவ” என்று சொல்லிவிட்டாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை அழைத்துச் சாதனப் பட்டியலை எடுக்கச் சொன்னேன். அம்புக்குறி திரையின் மேல் பொருத்தியிருந்த வெப்கேமிராவின் வரியில் நின்றது. ஹெட்செட் நான்கு வரி கீழே சும்மா இருந்தது. உறுதி செய்துகொள்ள, பதிவை ஓடவிட்டு ஹெட்செட்டின் ஒலிவாங்கியை நகத்தால் மெல்லச் சுரண்டச் சொன்னேன். பதிவில் அசைவே இல்லை. வெப்கேமிராவைச் சுரண்டியதும் அலைக்கோடு துள்ளியது. ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்த பின் அதே மாணவி, அதே பத்தியை, அதே குரலில் படித்தாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. அவள் குரலைத் துளியும் உயர்த்தவில்லை என்பதைத் தோழியும் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

சுரண்டிப் பார்ப்பது எளிய சோதனை. எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்று பட்டியலைப் பார்த்து விளங்காதபோது இதைவிட நல்ல வழி இல்லை.

சீட்டு சொல்வதை அப்படியே நம்பலாமா?

கவனமாகப் படித்தால் நம்பலாம். தவறாகப் புரிந்துகொள்ளச் சில இடங்கள் உண்டு.

புளூடூத் காதணியை எடுத்துக்கொள்வோம். பாட்டுக் கேட்க மிக நன்றாக இருக்கும். ஆகவே பேட்டி எடுக்கப் போகும் பிள்ளைகள் அண்ணனின் காதணியை வாங்கிக்கொண்டு போக ஆசைப்படுவார்கள். அதன் ஒலிவாங்கியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது தொலைபேசி முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் வழக்கமாகக் கிடைப்பது ஒற்றைத் தடம், 8000 அல்லது 16000 மாதிரி வீதம். பட்டியலில் அதன் பெயரோடு பெரும்பாலும் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்ற சொல் ஒட்டியிருக்கும். இதே காதணி எம்எம்இ வழியாக வரும் வரியில் 44100 என்று காட்டும். வாசாபி வழியாக வரும் வரியில் உண்மையான குறைந்த எண்ணைக் காட்டும். எம்எம்இ நடுவில் நின்று 16000-ஐ 44100 ஆக மாற்றிக் கொடுக்கிறது. எண் பெருகும், தரம் பெருகாது. அரைப்படி அரிசியில் தண்ணீர் ஊற்றி உலையை நிறைத்தாலும் அரிசி அரைப்படிதான். ஆகவே விண்டோஸில் மாதிரி வீதத்தை அறிய வாசாபி வரியைப் பாருங்கள். அந்த வரியிலும் இருப்பது இயங்குதளத்தில் அந்தச் சாதனத்துக்கு அமைத்திருக்கும் வீதம்தான். ஒலி அமைப்புகளில் அதை மாற்றினால் இங்கும் மாறும்.

எம்எம்இ வரிகளில் பெயரும் 31 எழுத்துகளோடு வெட்டுப்படும். ஒரே மாதிரித் தொடங்கும் இரண்டு பெயர்கள் ஒன்றாகவே தெரியும். அதற்கும் வாசாபி வரியே துணை.

அடுத்தது வரிசை எண். இன்று ஹெட்செட் 3 என்றால் நாளையும் 3 ஆக இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஒரு யூஎஸ்பி சாதனத்தைக் கழற்றினாலே எண்கள் நகர்ந்துவிடும். நிரலில் எண்ணை எழுதி வைப்பதைவிடப் பெயரைத் தேடிப் பிடிப்பது நல்லது. போர்ட்ஆடியோ தொடங்கும்போது ஒரு முறைதான் பட்டியலை எடுக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்செட்டைச் செருகினால் அது பட்டியலில் வராது. நிரலை மூடித் திறந்தால் வரும்.

சீட்டு சொல்லாதவையும் உண்டு. படகின் டோக்கனைப் பார்த்து வலையில் கிழிசல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அதுபோல, இந்தப் பண்புகளைப் பார்த்து ஒலிவாங்கி ஊமையாக்கப்பட்டிருக்கிறதா, ஒலியளவு எவ்வளவு, ஒலிவாங்கி வாயருகே இருக்கிறதா என்று அறிய முடியாது. விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் ஒலிவாங்கிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தாலும் பட்டியலில் சாதனம் வழக்கம்போல் நிற்கலாம்.

இதற்கு ஐந்து நொடிச் சோதனை ஒன்று போதும். ஐந்து நொடி பதிவு செய்து, கிடைத்த எண்களில் குறியை நீக்கிவிட்டு மிகப் பெரியதைப் பார்க்க வேண்டும். சவுண்ட்டிவைஸில் இந்த எண்கள் –1 முதல் 1 வரை இருக்கும். எல்லாமே சுழி என்றால் ஒலி உள்ளே வரவே இல்லை. ஊமை நிலையையும் அனுமதியையும் பாருங்கள். 1-ஐத் தொட்டு நின்றால் குரல் வெட்டுப்படுகிறது. ஒலியளவைக் குறையுங்கள். 0.1 முதல் 0.5 வரை வந்தால் பதிவைத் தொடங்கலாம்.

கடற்கரைக்குச் சில செய்திகள்

மாதிரி வீதம் ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். பாம்பன் பக்கத்துப் பெண்கள் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். ‘பாசி’ என்னும் சொல்லில் ‘சி’யின் சீறலில் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும். மாதிரி வீதத்தில் பாதி அளவுக்குள் அடங்கும் அதிர்வெண்கள்தான் பதிவாகும். 8000 வீதத்தில் பதிவு செய்தால் 4000-க்கு மேல் உள்ளது எல்லாம் போய்விடும். சீறல் மழுங்கிப் ‘பாசி’யா ‘பாதி’யா என்று கேட்பவர் தயங்குவார். தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வருவதற்கும் காரணம் இதுதான். 16000-இல் 8000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். 48000-இல் மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதும் அடங்கும்.

பெரியவர்களின் பேச்சில் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று காற்றின் பெயர்கள் வரும். பாடநூலில் இல்லாத வலைகளின், மீன்களின் பெயர்கள் வரும். பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலியில் மீனவர் பேச்சு 2016 முதல் காற்றில் வருகிறது. பள்ளியும் அந்தச் சொற்களைச் சேமிக்க நினைத்தால், பிற்காலத்தில் கேட்பவருக்கு எழுத்து பிரிந்து தெரியும்படி சேமிக்க வேண்டும். அதற்கு 44100 அல்லது 48000 வீதத்தில் ஒற்றைத் தடம் போதும்.

இடம் அடைக்குமே என்ற கவலை வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 48000 அளவீடு, ஓர் அளவீட்டுக்கு 2 பைட், நிமிடத்துக்கு 60 நொடி. பெருக்கினால் நிமிடத்துக்கு 57,60,000 பைட், அதாவது 5.76 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 345.6 மெகாபைட். ஒரு சாதாரண 16 ஜிகாபைட் பென்டிரைவில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் அடங்கும்.

கடல்காற்று ஒலிவாங்கியில் மோதினால் தடதடவென்று இரைச்சல் வரும். அதை எந்தப் பண்பும் சொல்லாது. வீட்டுக்குள் அமர்ந்து, காற்று வரும் பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டுப் பதிவு செய்வது நல்லது. உப்புக்காற்றில் செருகிகளின் முனை பாசம் பிடிக்கும். நேற்றுப் பட்டியலில் இருந்த ஹெட்செட் இன்று காணவில்லை என்றால், மென்பொருளைக் குறை சொல்லும் முன் செருகியின் முனையை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.

வகுப்பறையில்

இந்தச் செயல்பாடு கணினி ஆசிரியருக்கு மட்டும் உரியதல்ல. எட்டாம் வகுப்பில் ஒலியியல் பாடம் நடத்தும்போது அதிர்வெண்ணை விளக்க, ஒரே வாக்கியத்தை 8000, 16000, 48000 ஆகிய வீதங்களில் பதிவு செய்து கேட்கச் செய்யலாம். எந்த எழுத்து முதலில் மழுங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தமிழாசிரியர் ல, ழ, ள ஒலிப்புப் பயிற்சிக்கு நல்ல பதிவைப் பயன்படுத்தலாம்.

கணித ஆசிரியருக்கு விகிதக் கணக்கு ஒன்று. 48000 வீதத்தில் எடுத்த பத்து நிமிடப் பதிவைத் தவறாக 44100 என்று குறித்து ஓடவிட்டால் என்ன ஆகும்? 600 நொடியை 48000-ஆல் பெருக்கி 44100-ஆல் வகுத்தால் சுமார் 653 நொடி, அதாவது 10 நிமிடம் 53 நொடி. பேச்சு இழுபடும், குரலும் கனத்து ஒலிக்கும். அப்பத்தாவின் குரல் தாத்தாவின் குரல் போல் கேட்டால், எங்கே தவறு என்று இப்போது பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

பதிவுக்கு முன் பார்க்க வேண்டியவற்றை எங்கள் ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்களுக்கும் பயன்படலாம்.

1. சாதனத்தை முதலில் செருகு. மென்பொருளைப் பிறகு திற.
2. பட்டியலை எடு. அம்புக்குறி எந்தப் பெயரில் நிற்கிறது என்று பார்.
3. சந்தேகம் இருந்தால் ஒலிவாங்கியைச் சுரண்டிப் பார்.
4. தடம் 1, மாதிரி வீதம் 44100 அல்லது 48000. சாதனம் ஏற்கிறதா என்று கேள்.
5. ஐந்து நொடி பதிவு செய். மிகப் பெரிய எண்ணைப் பார்.
6. பேசுபவரிடம் அனுமதி கேள். பிறகு பதிவைத் தொடங்கு.
7. கோப்பின் பெயரில் நாள், இடம், சாதனத்தின் பெயர், மாதிரி வீதம் நான்கையும் எழுது.

இந்த ஏழும் சேர்ந்து இரண்டு நிமிட வேலை. இதை மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பட்டியல் பார்ப்பவர். பதிவு மெலிந்து வந்தால் அவர் முதலில் கேட்பது, “எந்த மைக்கில எடுத்தீங்க?” என்பதுதான். பேசிய பிள்ளையைக் குறை சொல்வது அதற்குப் பிறகும் தேவைப்படவில்லை.

வாசிப்பு மதிப்பீடு எதையும் இயந்திரத்தின் உதவியோடு செய்யும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குறைந்த மதிப்பெண் வந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதும் முன், அந்தப் பதிவை ஒரு முறை உங்கள் காதால் கேளுங்கள். குரல் தெளிவாக இல்லையென்றால் சாதனத்தின் பண்புகளைப் பார்த்துவிட்டு, அதே பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.